சிதைக்காமல் சோதித்தல்: உலோகத்துக்குள் மறைந்திருக்கும் குறையைக் கருவிகள் எப்படி அறிகின்றன?

ஒரு கொதிகலனின் பற்றவைப்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஐயமற அறிய வேண்டுமானால், அந்தப் பற்றவைப்பை அறுத்து, பளபளப்பாகத் தேய்த்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்துவிடலாம். ஆனால் அறுத்த பிறகு அது கொதிகலனாக இருக்காது. மாதிரித் துண்டுகளை இழுத்தும் வளைத்தும் முறித்தும் செய்யும் சோதனைகள் அந்தத் துண்டுகளின் வலிமையைச் சொல்லும். நாளை முதல் நீராவி அழுத்தத்தைத் தாங்கப்போகும் இந்தக் குறிப்பிட்ட பாகத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை அவை சொல்ல மாட்டா. தவிரவும், குறைகள் எல்லாம் தயாரிப்பின்போதே தோன்றிவிடுவதில்லை. ஏறி இறங்கும் சுமையால் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் களைப்பு விரிசலும், குழாயின் உட்சுவரை அரித்து மெலியச்செய்யும் துருவும், பாகம் வேலை செய்துகொண்டிருக்கும் காலத்திலேயே உருவாகின்றன. எனவே ஒரு பொருளை அது இருக்கும் நிலையிலேயே, அதன் பயன்பாட்டுக்கு எந்தக் கேடும் வராமல், திரும்பத் திரும்பச் சோதித்தாக வேண்டியிருக்கிறது. இதைச் செய்யும் முறைகளையும் கருவிகளையும் சேர்த்துச் சிதைவில்லாச் சோதனை என்கிறோம். தொழிற்கூடங்களில் என்டிடி என்ற சுருக்கமே வழங்குகிறது.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை விரிசலை நேராகப் பார்ப்பதில்லை. ஒலி, காந்தப்புலம், கதிர், மின்னோட்டம் ஆகியவற்றுள் ஒன்றைப் பொருளுக்குள் செலுத்தி, அது சீராகச் செல்கிறதா, எங்காவது தடைபடுகிறதா என்று மட்டுமே அவை கவனிக்கின்றன. பழைய நாளில் ரயில் நிலையங்களில் பணியாளர்கள் நீண்ட கைப்பிடி கொண்ட சுத்தியலால் சக்கரங்களைத் தட்டி, நல்ல சக்கரம் கணீரென ஒலிப்பதையும் விரிசல் விட்டது மங்கி ஒலிப்பதையும் வைத்துக் குறையைக் கண்டதும் இதே அடிப்படையில்தான். ஆகவே ஒரு குறை கருவிக்குப் புலப்படுவதற்கு அதன் அளவு மட்டும் போதாது. அது எந்த ஆழத்தில் இருக்கிறது, எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்பவையும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. என் பார்வையில், இந்த மூன்றிலும் புதியவர்கள் மிகக் குறைவாக எண்ணிப்பார்ப்பது திசையைத்தான். அதனால் கீழே ஒவ்வொரு முறையைச் சொல்லும்போதும் அதைத் தனியாகச் சுட்டிக்காட்டுகிறேன்.

எல்லாச் சோதனைகளுக்கும் முன்னால் நிற்பது கண். நல்ல வெளிச்சம், உருப்பெருக்கி, சிறு கண்ணாடி, பற்றவைப்பின் உயரத்தையும் ஓரப் பள்ளத்தையும் அளக்கும் அளவி, குழாய்க்குள்ளும் எந்திரத்துக்குள்ளும் நுழைத்துப் பார்க்கும் போர்ஸ்கோப் ஆகியவை இதற்கு உதவுகின்றன. பரவலாகப் பின்பற்றப்படும் நெறிமுறைகள், சோதிப்பவரின் கண் பரப்பிலிருந்து 60 செ.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும், பார்வைக்கோணம் 30 பாகைக்குக் குறையக் கூடாது என்று வரையறுக்கின்றன. விலை உயர்ந்த கருவிகள் கைவசம் இருக்கும் இடங்களில் இந்தப் படியை ஒப்புக்குச் செய்துவிட்டுக் கடந்துபோவதுண்டு. அது வருந்தத்தக்கது, கண்ணுக்கே தெரியும் குறைகளைத் தேடி மீயொலிக் கருவியை எடுக்கத் தேவையில்லை.

கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய, ஆனால் பரப்பில் வாய்திறந்திருக்கும் விரிசல்களுக்கு ஊடுருவு திரவ முறை பயன்படுகிறது. நன்கு சுத்தம் செய்த பரப்பில் பெனிட்ரன்ட் எனப்படும் சிவப்புச் சாயத் திரவத்தையோ ஒளிரும் திரவத்தையோ பூசி, பொருளையும் திரவத்தையும் பொறுத்து 5 முதல் 30 நிமிடம் வரை விட்டுவைப்பார்கள். அந்த நேரத்தில் திரவம் நுண்புழை ஈர்ப்பால் விரிசலுக்குள் இறங்குகிறது. பிறகு பரப்பில் எஞ்சிய திரவத்தைத் துடைத்தெடுத்து, டெவலப்பர் எனப்படும் வெண்பொடியை மெல்லிய படலமாகத் தூவினால், அது உள்ளே தங்கிய திரவத்தை உறிஞ்சி மேலே இழுத்து, விரிசலின் வடிவத்தை அதைவிட அகலமான கோடாகக் காட்டும். ஒளிரும் திரவமாக இருந்தால், இருட்டாக்கிய இடத்தில் 365 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய புறஊதா விளக்கின் கீழ் அந்தக் கோடு மஞ்சள் கலந்த பச்சையாக மின்னும்.

உலோகம் காந்தத்தன்மை உடையதா இல்லையா என்பது இந்த முறைக்குப் பொருட்டல்ல. அலுமினியத்திலும் டைட்டானியத்திலும் துருப்பிடிக்கா எஃகிலும், நுண்துளையற்ற பீங்கானிலும்கூட இதைச் செய்யலாம். விரிசலின் திசையும் இங்கே தடையாவதில்லை. மாறாக, விரிசலின் வாய் திறந்திருக்க வேண்டும் என்பது மீற முடியாத நிபந்தனை. எண்ணெயோ வண்ணப்பூச்சோ வாயை அடைத்திருந்தாலும், சுத்தம் செய்வதாக எண்ணி மென்மையான உலோகத்தின் மீது மணலையோ எஃகுக் குறுணைகளையோ வீசியடித்ததில் வாய் நசுங்கி மூடிக்கொண்டாலும், திரவம் உள்ளே போகாது. பரப்பு குறையற்றதாகவே தோற்றமளிக்கும். எஞ்சிய திரவத்தைத் துடைக்கும்போது கரைப்பானைப் பரப்பின் மீது நேராகத் தெளிப்பதும் இதே விளைவைத் தரும். விரிசலுக்குள் இருந்த திரவமும் கழுவப்பட்டுவிடும்.

இரும்பு, எஃகு போன்ற காந்தமாகும் உலோகங்களுக்குக் காந்தத் துகள் சோதனை கூடுதல் விரைவானது. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வில்லியம் ஹோக் என்பவர், காந்தப் பிடியில் பொருத்திச் சாணை பிடித்த எஃகுப் பாகங்களின் மேல் படிந்த இரும்புத் தூள், பரப்பு விரிசல்களின் வழியே வரிவரியாகச் சேர்வதைக் கவனித்தார். முறையின் வேர் அந்தக் கவனிப்பில் இருக்கிறது. காந்தமாக்கப்பட்ட எஃகுக்குள் காந்தப்புலக் கோடுகள் ஓடும்போது குறுக்கே ஒரு விரிசல் வந்தால், அவை அந்த இடத்தில் உலோகத்தைவிட்டு வெளியே கசிந்து மறுபுறம் நுழைகின்றன. கசியும் இடத்தில் சிறு காந்த முனைகள் உண்டாகி, தூவப்பட்ட இரும்புத் துகள்களை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. களத்தில் பெரும்பாலும் யோக் எனப்படும் இரண்டு கால் கொண்ட மின்காந்தத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதன் வலிமை போதுமானதா என்று சரிபார்க்கும் முறை எளிமையானது: மாறுமின்னோட்ட யோக் 4.5 கிலோ எடையுள்ள எஃகுத் துண்டையும், நேர்மின்னோட்ட யோக் 18 கிலோ துண்டையும் தூக்கிக் காட்ட வேண்டும்.

திசையின் முக்கியத்துவம் இங்கே வெளிப்படையாகத் தெரியும். காந்தக் கோடுகளுக்குக் குறுக்காக நிற்கும் விரிசல் தெளிவான கோட்டைக் காட்டும். அவற்றுக்கு இணையாக ஓடும் விரிசலோ புலத்தை ஏறக்குறைய தொந்தரவே செய்யாமல் மறைந்துகொள்ளும். அதனால்தான் ஒரே இடத்தை யோக்கை ஒருமுறை வைத்தும், செங்குத்தாகத் திருப்பி இன்னொரு முறை வைத்தும், இருமுறை சோதிக்க வேண்டும் என்பது விதி. மாறுமின்னோட்டம் பரப்பு விரிசலைக் கூர்மையாகக் காட்டும். நேர்மின்னோட்டம் பரப்புக்குச் சற்றுக் கீழே உள்ளவற்றையும் ஓரளவு காட்டும். ஆழத்தில் உள்ள குறைகளுக்கு இந்த முறை பயன்படாது.

ஆழத்துக்குள் போவதற்கு ஒலி வேண்டும். மீயொலிச் சோதனைதான் இந்தத் துறையின் நடுநாயகம் என்று நான் கருதுகிறேன்; குறை இருக்கிறது என்பதோடு நிற்காமல், அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையும் அது சொல்லிவிடுகிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880-இல் பிரான்சில் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டறிந்தார்கள். அதன் மறுதலையாக, மின்துடிப்பைக் கொடுத்தால் படிகம் அதிர்கிறது. அப்படி அதிரும் சிறு வில்லையே புரோப் எனப்படும் ஆய்வுமுனையின் உயிர். உலோகக் குறைகளைத் தேட மீயொலியைப் பயன்படுத்தலாம் என்ற யோசனையை 1928-இல் லெனின்கிராடில் செர்கேய் சோகலோவ் முன்வைத்தார். துடிப்பை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை அளக்கும் கருவிக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபிளாய்டு ஃபயர்ஸ்டோன் 1942-இல் காப்புரிமை பெற்றார். இன்று கையில் ஏந்திச் செல்லும் மீயொலிக் கருவிகளின் அடிப்படை அதுவே.

வேலை நடக்கும் விதத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம். எஃகில் நெட்டலை ஒலி, அதாவது செல்லும் திசையிலேயே முன்னும் பின்னுமாக அதிரும் ஒலி, நொடிக்கு ஏறத்தாழ 5,920 மீட்டர் வேகத்தில் செல்கிறது. பரப்பில் வைத்த புரோப் அனுப்பிய துடிப்பு 4 மைக்ரோநொடியில் திரும்பி வந்தால், அது போய்வந்த மொத்தத் தொலைவு 23.7 மி.மீ.; எனவே எதிரொலித்த இடம் 11.8 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது. பாகத்தின் தடிமன் 25 மி.மீ. என்று நமக்கு முன்பே தெரிந்திருக்க, திரையில் 25-இல் வரவேண்டிய அடிச்சுவர் (பாகத்தின் மறுபக்கப் பரப்பு) எதிரொலிக்கு முன்பாக 11.8-இல் ஒரு முகடு எழும்பினால், நடுவில் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

எஃகிலிருந்து காற்றுக்குள் நுழைய முயலும் ஒலி ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பி அனுப்பப்படுகிறது. காற்று நிறைந்த மெல்லிய விரிசல்கூட நல்ல எதிரொலி தருவது இதனால்தான். புரோப்புக்கும் உலோகத்துக்கும் இடையே காற்று இருந்தால் ஒலி உலோகத்துக்குள்ளேயே நுழையாமல் போவதும் இதனால்தான். அந்த இடைவெளியை நீர், எண்ணெய், கூழ் ஆகியவற்றுள் ஒன்றால் நிரப்ப வேண்டியிருக்கிறது. எஃகுச் சோதனையில் பெரும்பாலும் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் பயன்படுகிறது. 4 மெகாஹெர்ட்ஸில் நெட்டலையின் அலைநீளம் ஏறத்தாழ 1.5 மி.மீ.; அலைநீளத்தில் பாதியைவிடச் சிறிய குறையைக் காண்பது கடினம் என்பது நடைமுறை மதிப்பீடு. அதிர்வெண்ணைக் கூட்டினால் சிறிய குறையும் தெரியும். ஆனால் ஒலி உலோகத்தின் படிகமணிகளில் மோதிச் சிதறி விரைவாக வலுவிழக்கும். பெருமணிகள் கொண்ட ஆஸ்டெனைட்டுத் துருப்பிடிக்கா எஃகின் பற்றவைப்புகளும் வார்ப்புகளும் மீயொலிக்குப் பெரும் சவாலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஒலிக்கற்றை குறையின் முகத்தில் செங்குத்தாக மோதினால்தான் எதிரொலி வந்த வழியே திரும்பும். தகட்டுக்கு இணையாகப் படுத்திருக்கும் அடுக்குப் பிளவை நேர்முனைப் புரோப் எளிதில் காட்டிவிடும். ஆனால் பற்றவைப்பின் பக்கச்சுவரில் உலோகம் உருகி ஒட்டாமல் விடுபட்ட இடம் சாய்ந்து நிற்பதால், நேராக இறங்கும் ஒலி அதை உரசிக்கொண்டு கடந்துவிடும். அதற்காகவே செல்லும் திசைக்குக் குறுக்காக அதிரும் குறுக்கலையை 45, 60, 70 பாகை கோணத்தில் செலுத்தும் கோணப் புரோப்புகள் உள்ளன. பற்றவைப்பு முனைகள் எந்தக் கோணத்தில் சீவப்பட்டன என்பதை அறிந்து, அந்தச் சுவரில் செங்குத்தாக மோதும் புரோப்பைத் தேர்ந்தெடுப்பார்கள். பல நுண் வில்லைகளைச் சிறு கால வேறுபாட்டோடு தூண்டி, புரோப்பைத் திருப்பாமலேயே கற்றையைப் பல கோணங்களில் வீசச்செய்யும் ஃபேஸ்டு அரே கருவிகள் இந்தச் சிக்கலைப் பெருமளவு குறைத்திருக்கின்றன.

தொடங்குபவர்களின் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் மீயொலித் தடிமன் அளவி. எண்ணை நேராகத் திரையில் காட்டுவதால் அதை நம்பிவிடத் தோன்றும். ஆனால் அது அளப்பது நேரத்தை. தடிமனாக மாற்றுவது நாம் கொடுத்த வேகத்தைக் கொண்டு. எஃகு சூடாகும்போது ஒலியின் வேகம் 55 பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது. அதனால் சூடான குழாயின் சுவர் உண்மையைவிடத் தடிமனாகத் தெரியும். வண்ணப்பூச்சில் ஒலி எஃகைவிட மிக மெதுவாகச் செல்வதால், பூச்சோடு சேர்த்து அளந்தால் 1 மி.மீ. பூச்சு 2 மி.மீ.க்கும் கூடுதலான எஃகாகக் கணக்கில் சேர்ந்துவிடும். இந்த இரு பிழைகளும் ஆபத்தான பக்கமாகவே சாய்கின்றன என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: மெலிந்த சுவரை நலமான சுவராக அவை காட்டும். அடுத்தடுத்த இரண்டு அடிச்சுவர் எதிரொலிகளுக்கு இடைப்பட்ட நேரத்தை மட்டும் அளக்கும் வசதி கருவியில் இருந்தால் பூச்சின் பிழை நீங்கும். வெப்பத்தின் பிழைக்கு, அதே உலோகத்தில் செய்த தடிமன் தெரிந்த துண்டை அதே வெப்பநிலையில் வைத்துக் கருவியைத் திருத்திக்கொள்ள வேண்டும். குறை தேடும் கருவிகளுக்கும் இப்படித்தான். வேலையைத் தொடங்குமுன் வி1, வி2 எனப்படும் அளவுத்திருத்தக் கட்டைகளில் தொலைவையும் கோணத்தையும் சரிபார்க்காமல் எடுத்த அளவீட்டுக்கு மதிப்பில்லை.

ஊடுகதிர்ப்படம் எடுத்தல் எல்லோரும் மருத்துவமனையில் அறிந்த முறையே. 1895 நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த வில்ஹெல்ம் ரோன்ட்கன், தம் துப்பாக்கி போன்ற உலோகப் பொருள்களையும் அக்கதிரில் படமெடுத்தார்; தொழில்துறைப் பயன்பாட்டின் முதல் சுவடு அங்கேயே தெரிகிறது. பொருளின் ஒருபுறம் கதிர்மூலத்தையும் மறுபுறம் பிலிமையோ எண்ணிமத் தகட்டையோ வைத்தால், உலோகம் குறைவாக உள்ள இடத்தின் வழியே கூடுதல் கதிர் வந்து அந்த இடத்தைப் பிலிமில் கறுப்பாக்கும். மின்சாரம் கிடைக்காத இடங்களிலும் குழாய்களுக்குள்ளும் எக்ஸ் கதிர்க் கருவிக்குப் பதிலாக காமா கதிர் வீசும் தனிமங்கள் பயன்படுகின்றன. மெல்லிய எஃகுக்கு செலினியம்-75, நடுத்தரத் தடிமனுக்கு இரிடியம்-192, மிகத் தடித்ததற்குக் கோபால்ட்-60 என்பது பொதுவான தேர்வு. இரிடியத்தின் அரையாயுள் ஏறத்தாழ 74 நாள். அதாவது சுமார் இரண்டரை மாதத்தில் அதே படத்தை எடுக்க இரு மடங்கு நேரம் தேவைப்படும்.

பிலிமில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு, படம் நன்றாக எடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே பொருள் உண்டு. அதை மெய்ப்பிக்கவே தடிமன் தெரிந்த மெல்லிய கம்பிகளைப் பொருளின் மேல் வைத்துச் சேர்த்துப் படமெடுக்கிறார்கள். குறிப்பிட்ட கம்பி பிலிமில் தெரியாவிட்டால் அந்தப் படம் செல்லாது. தடிமனில் ஏறத்தாழ 2 விழுக்காடு மாற்றம் தெரிய வேண்டும் என்பது நெடுநாளாக வழங்கும் எதிர்பார்ப்பு, 25 மி.மீ. தகட்டில் அது அரை மில்லிமீட்டர்.

திசை இங்கே மீயொலிக்கு நேர்மாறாக வேலை செய்கிறது. கதிர் செல்லும் வழிக்கு இணையாக நிற்கும் விரிசலைக் கதிர் நீளவாக்கில் கடப்பதால் அது தெளிவான கறுப்புக் கோடாகப் பதிகிறது. குறுக்கே படுத்திருக்கும் அடுக்குப் பிளவோ எவ்வளவு அகன்று பரந்திருந்தாலும் கதிரின் பாதையில் ஒரு மயிரிழைத் தடிமனையே குறைப்பதால் தடயமே இல்லாமல் போகிறது. காற்றுக்குமிழி, கசடு போன்ற பருமன் உள்ள குறைகளுக்கு ஊடுகதிர் சிறந்தது, தட்டையான குறைகளுக்கு மீயொலி சிறந்தது என்று துறையில் சொல்லப்படுவதன் அடிப்படை இந்த வேறுபாடே. ஊடுகதிருக்கு மட்டும் உரிய இன்னொரு பொறுப்பும் உண்டு. எக்ஸ் கதிர்க் குழாயின் மின்சாரத்தை நிறுத்தினால் கதிர் நின்றுவிடும். காமா மூலத்தை நிறுத்த முடியாது, கனமான கவசப் பெட்டிக்குள் திருப்பி இழுத்து அடைக்கத்தான் முடியும். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கதிர்வீச்சு அளவியைக் கையில் ஏந்திச் சென்று மூலம் பெட்டிக்குள் திரும்பிவிட்டதா என்று உறுதி செய்வது உயிர் காக்கும் பழக்கம். தொலைவு இரு மடங்கானால் கதிரின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதால், விலகி நிற்பதே எளிய பாதுகாப்பு.

சுழல் மின்னோட்டச் சோதனையில், மாறுமின்னோட்டம் பாயும் கம்பிச்சுருளை உலோகத்தின் அருகே கொண்டுவந்தால், உலோகத்துக்குள் வட்டவட்டமாக மின்னோட்டம் தூண்டப்படுகிறது. விரிசல் அதைச் சுற்றிப் போகச்செய்யும்போது சுருளின் மின்தடுப்பில் ஏற்படும் மாற்றத்தைக் கருவி காட்டுகிறது. தொடவும் வேண்டியதில்லை, கூழும் வேண்டியதில்லை, மெல்லிய வண்ணப்பூச்சும் தடையில்லை. வெப்பமாற்றிகளின் ஆயிரக்கணக்கான குழாய்களுக்குள் சுருளை விரைவாகச் செலுத்திச் சோதிக்கவும், விமானங்களின் ஆணித்துளை ஓரங்களைப் பார்க்கவும் இதற்கு இணையான முறை குறைவு. ஆனால் மின்னோட்டம் பரப்பை ஒட்டியே ஓடும். அதிர்வெண்ணை நான்கு மடங்காக்கினால் ஊடுருவும் ஆழம் பாதியாகும். பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும் பிளவு மின்னோட்டத்தை அதிகம் தடுக்காததால் எளிதில் தெரியாது.

இவை தவிர, வெப்பப் பரவலைப் படமாகக் காட்டும் அகச்சிவப்புக் கருவிகளும், அழுத்தம் ஏறும்போது விரிசல் வளரும் நுண்ணொலியைக் கேட்கும் ஒலி உமிழ்வுச் சோதனையும், கசிவைத் தேடும் ஹீலியம் கருவிகளும் அவரவர் தேவைக்கேற்பப் பயன்படுகின்றன.

ஆகவே எந்தக் கருவி சிறந்தது என்ற கேள்விக்கு விடையில்லை. எந்தக் குறையை, எந்த உலோகத்தில், எந்த இடத்தில் தேடுகிறோம் என்று முதலில் கேட்க வேண்டும். தடித்த எஃகுத் தகடுகளை இணைக்கும் ஒரு பற்றவைப்புக்கு, பரப்பு விரிசலுக்காகக் காந்தத் துகளும், பக்கச்சுவர் ஒட்டாமைக்காகக் கோணப் புரோப்பும், குமிழி, கசடுகளுக்காக ஊடுகதிரும் என்று ஒன்றின் குருட்டுத் திசையை இன்னொன்று ஈடுகட்டும்படி முறைகளைச் சேர்ப்பதுதான் நல்ல திட்டம். அதே பற்றவைப்பு ஆஸ்டெனைட்டுத் துருப்பிடிக்கா எஃகில் இருந்தால், அது காந்தமாகாது என்பதால் காந்தத் துகளை விலக்கி, பெனிட்ரன்ட்டை எடுக்க வேண்டும்.

கருவி சரியாக இருந்தும் குறை தப்பிவிடலாம் என்பதற்கு 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் நடந்த டிசி-10 விமான விபத்து கசப்பான சான்று. வால்பகுதி எஞ்சினின் டைட்டானிய விசிறித் தட்டு நடுவானில் உடைந்து சிதறி, அதன் துண்டுகள் கட்டுப்பாட்டு அமைப்பின் எண்ணெய்க் குழாய்களை அறுத்ததில் 112 பேர் இறந்தார்கள். அந்தத் தட்டு அதற்கு முன் ஒளிரும் பெனிட்ரன்ட் முறையில் சோதிக்கப்பட்டிருந்தது. கடைசிச் சோதனையின்போதே விரிசல் பரப்பில் ஏறத்தாழ அரை அங்குல நீளம் வளர்ந்திருந்தது என்றும், சோதனை முறைகள் மனித இயல்பின் வரம்புகளைப் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை என்றும் விசாரணை முடிவு செய்தது. ஒரு முறையால் காணக்கூடிய மிகச் சிறிய குறை எது என்று கேட்பதைவிட, அது தவறவிடக்கூடிய மிகப் பெரிய குறை எது என்று கேட்பதே பொறியாளர்களுக்குத் தேவையான கேள்வி. அதனால்தான் குறைகள் உள்ள மாதிரிகளைப் பலரிடம் கொடுத்துச் சோதிக்கவைத்து, எந்த அளவுள்ள குறை எத்தனை முறை கண்டுபிடிக்கப்படுகிறது என்ற நிகழ்தகவை வரைகிறார்கள். ஐஎஸ்ஓ 9712 போன்ற தரநிலைகள் சோதனையாளர்களுக்கு மூன்று நிலைகளில் தகுதிச் சான்று வகுத்து, கண்பார்வையையும் குறித்த இடைவெளியில் சோதிக்கச் சொல்கின்றன.

சோதனை அறிக்கை ஒன்று கைக்கு வரும்போது, ‘குறை ஏதுமில்லை’ என்ற வரிக்கு முன்னால் படிக்க வேண்டியவை உள்ளன. எந்த முறை, எந்தப் புரோப் அல்லது கதிர்மூலம், எந்தக் கட்டையில் அளவுத்திருத்தம், பரப்பு எந்த நிலையில் இருந்தது, எந்த அளவுக்கு மேற்பட்ட குறி ஏற்கத்தகாததாகக் கொள்ளப்பட்டது என்பவை அதில் இருக்க வேண்டும். தாங்கி மறைத்ததாலோ இடம் குறுகியதாலோ புரோப்பை வைக்க முடியாமல் போன பகுதிகளும் வரைபடத்தோடு குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பகுதிகளைப் பற்றி அறிக்கை எதுவும் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும், அவற்றுக்கு வேறு திசையிலிருந்தோ வேறு முறையாலோ மறுசோதனை கேட்க வேண்டும்.